தாத்தா காலத்து ராலே சைக்கிளில் புது பார்ட்ஸ் போடலாமா? எது செட் ஆகும், எது ஆகாது?

பரணிலோ மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ பல வருஷமா சாத்தி வைத்திருந்த சைக்கிள். ராலே, ஹம்பர், பிலிப்ஸ், இல்லேன்னா ஹெர்குலிஸ். தூசி தட்டித் துடைத்தால் கறுப்பு பெயின்டும் தங்கக் கோடும் இன்னும் தெரியுது. தாத்தா வேலைக்குப் போன வண்டி, அப்பா குரங்கு பெடல் போட்டுப் பழகின வண்டி. சும்மா நிற்க வைக்க மனசு வராமல், ஓட்டுற நிலைக்குக் கொண்டு வந்துடலாம் என்று வீட்டில் யாராவது ஒருத்தர் கிளம்புவார்.

அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். ஆன்லைனில் புது கிராங்க் செட், அலுமினிய வீல், டிஸ்க் பிரேக், மோட்டார் கிட் என்று ஆர்டர் போடுவார்கள். பெட்டி வந்ததும் சைக்கிள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். "அண்ணே, இதை மாட்டிக் கொடுங்க" என்றால், மெக்கானிக் ஒரு பார்வை பார்த்துட்டு, "மரை சேராது தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அப்படித் திருப்பிக் கொடுக்கிறவர் நல்ல மெக்கானிக். "அராவி உள்ள ஏத்திடலாம்" என்று சொல்கிறவரிடம்தான் கவனமா இருக்கணும். 60, 70 வருஷம் தாங்கிய ஃபிரேம், ஒரு அரத்தால் பத்தே நிமிஷத்தில் கெட்டுப் போகலாம். அப்புறம் பழைய பார்ட்ஸும் சேராது, புதுசும் நிற்காது.

அப்படின்னா பழைய சைக்கிளில் புது பாகமே போடக் கூடாதா? போடலாம். சிலவற்றை கட்டாயம் போட்டே ஆகணும். ஆனால் எதை, எந்த அளவில், எந்த வரிசையில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

'28 இன்ச் டயர்' என்றால் எந்த 28?

முதலில் டயரில் இருந்து தொடங்கலாம், ஏன்னா முதல் ஏமாற்றம் அங்கேதான். நம்ம ஊர் பழைய பெரிய சைக்கிள்களில் டயர் பக்கவாட்டில் 28 × 1½ என்று போட்டிருக்கும். கடையில் '22 இன்ச் சைக்கிள்', '24 இன்ச் சைக்கிள்' என்று சொல்வது ஃபிரேமின் உயரம். அதற்கும் டயருக்கும் சம்பந்தம் இல்லை.

சிக்கல் என்னன்னா, '28 இன்ச்' என்ற பெயரில் உலகத்தில் பல டயர்கள் இருக்கு. 28 × 1½ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ. இன்றைய ரோடு பைக், ஹைபிரிட் சைக்கிள்களில் வருவது 700சி எனப்படும் அளவு, அதையும் 28 இன்ச் என்றே பல நாடுகளில் சொல்வார்கள். அதன் விட்டம் 622 மி.மீ. 642 மி.மீ.யில் இன்னொரு 28 இன்ச்சும் இருந்தது. மூன்றும் ஒன்றுக்கொன்று சேராது.

அதனால் இன்ச் கணக்கை மறந்துவிட்டு, டயரில் '40–635' என்பது போல பொறித்திருக்கும் இரட்டை எண்ணைப் பாருங்க. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மின் விட்டம். இரண்டாவது எண் ஒத்துப்போனால்தான் டயர் ஏறும். சின்ன சைஸ் பழைய சைக்கிள்களில் வரும் 26 × 1⅜ டயருக்கு அந்த எண் 590. மவுன்டன் பைக்கின் 26 இன்ச்சுக்கு 559. பெயர் ஒன்று, வித்தியாசம் 31 மி.மீ.!

இதில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. இங்கிலாந்தில் இந்த வகை பெரிய ரோட்ஸ்டர் சைக்கிள் சாலையில் இருந்து எப்போதோ காணாமல் போய்விட்டது. இந்தியாவில் அது நிற்கவே இல்லை. அதனால் 635 டயர், டியூப், ராட் பிரேக் கம்பி, பிரேக் கட்டை, காட்டர் பின் எல்லாம் இங்கே சாதாரணக் கடையிலேயே கிடைக்குது. பிரிட்டனில் பழைய சைக்கிள் சேகரிப்பவர்கள் இந்தியத் தயாரிப்பு டயர்களைத் தேடி வாங்கி மாட்டுகிறார்கள். நாம் என்னடான்னா, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 700சி வீல் தேடுகிறோம்.

டயர் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய ரிம்மின் விளிம்பு உள்பக்கம் மென்மையாக, வளைவு இல்லாமல் இருக்கும். இன்றைய ரிம்மில் டயரைக் கவ்விப் பிடிக்க உள்ளே ஒரு கொக்கி மாதிரி விளிம்பு உண்டு. அந்தக் கொக்கி இல்லாத ரிம்மில் ரோடு பைக் மாதிரி 80, 90 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றினால் டயர் விளிம்பைத் தாண்டி வெளியே வந்து வெடிக்கும். டயரில் போட்டிருக்கும் அளவைத் தாண்டவே வேண்டாம். இந்த அகலமான டயருக்கு 50 பி.எஸ்.ஐ. ஒட்டி இருந்தாலே தாராளம்.

பிரேக்: இங்கேதான் உயிர் விஷயம்

பழைய சைக்கிளில் கேபிள் கிடையாது. ஹேண்டில்பாருக்குக் கீழே லிவரை அழுத்தினால் ஒரு இரும்புக் கம்பி மேலே தூக்கும். அந்தக் கம்பியின் முனையில் இருக்கும் வளையம் இரண்டு பிரேக் கட்டைகளை ரிம்மின் உள்பக்கத்தில், அதாவது போக்ஸ் கம்பிகள் ரிம்மைத் தொடும் பக்கத்தில், அழுத்தும். இதுதான் ராட் பிரேக்.

இதற்கென்றே செய்த ரிம்மின் பெயர் வெஸ்ட்வுட். கட்டை உரசுவதற்கு உள்பக்கத்தில் இரண்டு ஓரமும் தட்டையாக இருக்கும், பக்கவாட்டில் உருண்டையாக இருக்கும். இன்றைய ரிம் இதற்கு நேர் எதிர். பக்கவாட்டில் தட்டை, உள்பக்கம் 'வி' மாதிரி கூர். அதனால் 700சி வீலை மாட்டினால் ராட் பிரேக் கட்டைக்கு உரச இடமே இருக்காது. அதுமட்டுமல்ல, 635க்கும் 622க்கும் ஆரத்தில் 6.5 மி.மீ. வித்தியாசம். வண்டி அவ்வளவு தாழும், கட்டையும் ரிம்மும் இடத்தில் பொருந்தாது. 'வீல் மட்டும்தான் மாத்தினேன்' என்று சொல்கிறவர் உண்மையில் பிரேக்கையே கழற்றிப் போட்டிருக்கிறார்.

சரி, அப்போ இன்றைய கேபிள் காலிப்பர் பிரேக்கைப் போடலாமே? வெஸ்ட்வுட் ரிம்மில் பக்கவாட்டில் பிடிக்க தட்டையான இடம் இல்லை. ராட் பிரேக்குக்காகச் செய்த பல ஃபோர்க்குகளில் காலிப்பர் மாட்ட ஓட்டையும் இருக்காது. ஓட்டை போட்டுக்கலாம் என்று டிரில் எடுத்தால், ஃபோர்க்கின் தலைப்பகுதியை, அதாவது முழு பாரமும் தாங்குற இடத்தை, நிரந்தரமாகத் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

டிஸ்க் பிரேக் இன்னும் ஆபத்து. டிஸ்க் பிடிக்கும்போது முழு விசையும் ஃபோர்க்கின் இடது காலில், அதுவும் கீழ்முனைக்குப் பக்கத்தில் இறங்கும். டிஸ்க்குக்கென்று செய்யும் ஃபோர்க்கில் அந்தக் கால் தடிமனாக இருக்கும். பழைய ஃபோர்க்கில் கீழே போகப் போக மெலிந்துகொண்டே போகும். கிளாம்ப் போட்டு டிஸ்க் மாட்டலாம் என்று விற்கும் கிட்களை இந்த வண்டிகளில் போடவே கூடாது.

ராட் பிரேக் நன்றாகப் பிடிக்குமா என்றால், காய்ந்த சாலையில் ஓரளவுக்குப் பிடிக்கும். மழையில்தான் விவகாரம். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் கட்டை வழுக்கும். லிவரை அழுத்தியும் வண்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இது பழசாகிப் போனதால் வந்த குறை இல்லை, புதுசா இருந்தபோதும் இப்படித்தான். அந்தக் காலத்திலேயே மழைக்கென்று தோல் ஒட்டிய பிரேக் கட்டைகள் விற்றார்கள். அப்போது சாலையில் முன்னால் போனது மாட்டு வண்டி. இப்போது முன்னால் போவது சடன் பிரேக் அடிக்கும் கார்.

அதனால் இந்த வண்டியை தினசரி ஓட்டப் போகிறவர்கள் காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் பிரேக். ரிம்மைத் தொடாமல் பிடிக்கிற பிரேக்தான் இதற்கு வழி. வீலின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள்ளேயே டிரம் பிரேக் வைத்த ஹப்களை ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி இப்போதும் தயாரிக்கிறது. 1902ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தொடங்கிய பெயர் அது. 2000ல் தைவானின் சன்ரேஸ் வாங்கிய பிறகு தைவானில் தயாராகுது. டிரம் ஹப்புக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான். பழைய ரிம்மையே வைத்துக்கொண்டு நடுவில் ஹப்பை மட்டும் மாற்றி போக்ஸ் கம்பி கட்டிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு கணக்கு மட்டும் பார்க்கணும். பழைய இங்கிலீஷ் சைக்கிளிலும் அதே வழியில் வந்த நம்ம ஊர் சைக்கிளிலும் முன் வீலில் 32 கம்பி, பின் வீலில் 40 கம்பி. இன்றைய ஹப்களில் பெரும்பாலும் 32 அல்லது 36 ஓட்டை. முன்பக்கம் 32 ஓட்டை ஹப் வாங்கினால் பழைய ரிம்மோடு சேரும். பின்பக்கம் 36 வாங்கிட்டு 40 ஓட்டை ரிம்மில் கட்ட முடியாது. ஆர்டர் போடும் முன் கம்பியை எண்ணிப் பாருங்க, ஒரு நிமிஷ வேலை.

ஹப்பின் அகலமும் முக்கியம். இன்றைய முன் ஹப் 100 மி.மீ. பழைய ஃபோர்க்கின் இடைவெளி அதைவிடக் குறுகலாக இருக்கும். இரும்பு ஃபோர்க் என்பதால் கொஞ்சம் விரியும், ஆனால் கையால் இழுத்துத் திணிக்காமல் இரண்டு காலையும் சமமாக விரித்து நேர்ப்படுத்தத் தெரிந்தவரிடம் கொடுக்கணும். டிரம் பிரேக்கின் கை ஃபோர்க்கில் ஒரு கிளிப்பில் மாட்டும். அந்த கிளிப் தளர்ந்தால் பிரேக் பிடிக்கும்போது ஹப்பின் அச்சே சுழலப் பார்க்கும். வாரம் ஒருமுறை அந்த நட்டை கையால் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

பின்பக்கம் பெடலை பின்னால் மிதித்தால் பிடிக்கிற கோஸ்டர் ஹப்பும் உண்டு. சமவெளிக்கு அது அருமை. ஏற்காடு, கொடைக்கானல் மாதிரி நீண்ட இறக்கத்தில் இந்த இரண்டு வகையும் சூடாகி பிடி குறையும். அங்கே இந்த வண்டியைக் கொண்டு போனால், இறங்கித் தள்ளிக்கொண்டு வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

24க்கும் 26க்கும் நடுவே ஒரு சண்டை

கிராங்க் சுழலும் இடத்துக்கு வருவோம். பெடல்களுக்கு நடுவில் ஃபிரேமின் அடியில் ஒரு குழாய் இருக்கும். அதற்குள் இரண்டு பக்கமும் கப் திருகி, நடுவில் அச்சும் பால்ஸும் இருக்கும். இன்று இந்த இடத்துக்கு மூடிய கார்ட்ரிட்ஜ் வருது. எண்ணெய், கிரீஸ் கவலை இல்லை, வருஷக்கணக்கில் ஓடும். அதைப் போடத்தான் எல்லாருக்கும் ஆசை.

இந்த மரையின் உலக அளவு, 1.37 இன்ச் விட்டத்தில் இன்ச்சுக்கு 24 சுற்று. இதற்குப் பெயரே பி.எஸ்.ஏ. மரை. பர்மிங்காமில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த பி.எஸ்.ஏ. கம்பெனியின் பெயர்தான் இன்று லட்ச ரூபாய் சைக்கிளின் அளவுக் குறிப்பிலும் இருக்குது.

ஆனால் ராலே தன் வழியில் போனது. அதே 1.37 இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 26 சுற்று. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரியே இருக்கும். புது கார்ட்ரிட்ஜை ராலே ஃபிரேமில் வைத்துத் திருகினால் முதல் இரண்டு சுற்று அழகா போகும். அப்புறம் இறுகும். 'துரு பிடிச்சிருக்கு போல' என்று நினைத்து பெரிய ஸ்பானர் போட்டு அழுத்தினால் முடிஞ்சது கதை. ஃபிரேமின் மரை சீவிப்போகும். குழாயின் அகலத்திலும் ராலே தனி. வழக்கமான 68 மி.மீ.க்குப் பதில் 71 அல்லது 76 மி.மீ.

'என்னோடது ராலே இல்லையே, ஹெர்குலிஸ்தானே' என்று நிம்மதி அடைய முடியாது. ராலே 1957ல் பி.எஸ்.ஏ.வின் சைக்கிள் பிரிவை வாங்கியது. 1960ல் பிலிப்ஸ், ஹெர்குலிஸ் பெயர்களை வைத்திருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், ராலேயையே வாங்கி எல்லாவற்றையும் ராலேயின் கீழ் ஒன்றாக்கியது. அதற்குப் பிறகு பெயர்ப்பலகை ஒன்றாகவும் உள்ளே அளவு இன்னொன்றாகவும் வண்டிகள் வந்தன. இந்தியாவிலோ, அம்பத்தூரில் 1949ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ் செய்தது, வங்காளத்தின் ஆசன்சாலில் சென்–ராலே ஆலை ராலே செய்தது. முன்னால் ஒட்டியிருக்கும் பேட்ஜை வைத்து மரையை முடிவு செய்ய முடியாது. பழைய கப்பைக் கழற்றி மரை அளக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. லேத் பட்டறையில் கேட்டால் அளந்து சொல்வார்கள்.

26 என்று தெரிந்தால் என்ன செய்வது? சிலர் புதிய மரை வெட்டச் சொல்வார்கள். வேண்டாம், அது திரும்ப முடியாத வேலை. அதைவிட எளிமையாக, ராலேயின் பழைய கப் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் அச்சை மட்டும் சதுர முனை உள்ள புது அச்சாக மாற்றலாம். கப்புக்கும் அச்சுக்கும் பால்ஸ் ஓடும் இடம் பொருந்துகிற அச்சைத் தேடிப் பிடிக்கணும். கொஞ்சம் பொறுமை வேலை, ஆனால் இன்றைய அலுமினிய கிராங்க் மாட்டிக்கொள்ளலாம். மரையே இல்லாமல் குழாய்க்குள் விரிந்து இறுகிப் பிடிக்கிற கார்ட்ரிட்ஜும் வெளிநாட்டுக் கடைகளில் உண்டு.

இன்னொரு கேள்வியும் கேட்டுப் பார்க்கணும். புது கிராங்க் உண்மையிலேயே தேவையா? பழைய இரும்பு கிராங்கில் பிரச்சினை பெரும்பாலும் காட்டர் பின்தான். அது தேய்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் 'டொக்' என்று ஒரு ஆட்டம் வரும். சரியான தடிமனில், ராலேவுக்கு 9.5 மி.மீ., ஒரு நல்ல பின் போட்டு அழுத்தினால் அந்த ஆட்டம் போய்விடும். சுத்தியலால் அடிக்காமல் பிரஸ் வைத்துத் தள்ளணும். அடித்தே ஆகணும் என்றால் கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாய் முட்டுக் கொடுக்கணும், இல்லேன்னா அடி முழுக்க பால்ஸ் ஓடும் கப்பில் இறங்கும். நம்ம கடைகளில் 'ஓவராயில்' என்று சொல்வார்களே, ஓவர்ஹால் என்பதன் தமிழ் அவதாரம், அதையும் புது பால்ஸும் கிரீஸும் போட்டு நல்லபடியா செய்தால் பாதி வண்டிகளுக்கு புது கிராங்க் ஆசையே போய்விடும்.

ஏறவே முடியலையா? கியர் வேண்டாம், பல்லை எண்ணுங்க

பழைய வண்டி கனம். 20 கிலோவை ஒட்டி இருக்கும். மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும். உடனே 'ஏழு கியர் போட்டுடலாமா' என்ற எண்ணம் வரும்.

இன்றைய பல கியர் பின் வீல்களின் ஹப் அகலம் 130 அல்லது 135 மி.மீ. பழைய ஒற்றை ஸ்பீடு ஃபிரேமின் பின்பக்க இடைவெளி சுமார் 110 மி.மீ.தான். இரும்பு ஃபிரேமை விரிக்க முடியும், உலகம் முழுக்க விரிக்கிறார்கள். ஆனால் 20 மி.மீ.க்கு மேல் விரிப்பது சின்ன விஷயம் இல்லை. இரண்டு பக்கமும் சமமாக வரலைன்னா வீல் ஃபிரேமின் நடுக்கோட்டில் ஓடாது, வண்டி நண்டு மாதிரி சாய்ந்து போகும். டிரெயிலர் தொங்கவிட கொக்கி இல்லை, செயின் கவரைக் கழற்றணும், கேபிள் போக வழி செய்யணும். அவ்வளவு செய்த பிறகு மிஞ்சுவது பழைய சைக்கிளா என்பதே கேள்வி.

இதற்கு ரொம்ப மலிவான வழி ஒன்று இருக்கு. முன்பக்கம் 48 பல், பின்பக்கம் 18 பல் என்ற வண்டியில் பின்பக்கத்தை 22 பல்லாக மாற்றினால் மிதி சுமார் 18 சதவீதம் லேசாகும். ஃபிரீவீல் மாற்றம், செயினில் கூடுதலாக ரெண்டு கண்ணி, அவ்வளவுதான். முழு செயின் கவர் உள்ள வண்டியில் 22 பல் உள்ளே இடிக்கிறதா என்று மட்டும் பார்க்கணும். இடித்தால் 20 பல்.

பின் ஹப்பிலேயே மூன்று கியர் உள்ள வண்டி கிடைத்திருந்தால் அது புதையல். 1930களில் வந்த ஸ்டர்மி ஆர்ச்சரின் ஏ.டபிள்யூ ஹப்தான் இவற்றில் அதிகம். நடு கியர் நேரடி, கீழ் கியர் அதில் 75 சதவீதம், மேல் கியர் 133 சதவீதம். பல பத்தாண்டுகள் ஒரே வடிவத்தில் செய்ததால் உள்பாகங்கள் ஒரு காலத்துக்கும் இன்னொரு காலத்துக்கும் பெரும்பாலும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஹப்பின் மேல் ஆண்டும் மாதமும் எண்ணாகப் பொறித்திருக்கும். வண்டி எந்த வருஷம் வாங்கியது என்று வீட்டில் நடக்கும் விவாதத்துக்கு அது ஒரு நல்ல சாட்சி.

அதன் ஓரத்தில் சின்ன மூடி போட்ட எண்ணெய் ஓட்டை இருக்கும். லேசான மெஷின் எண்ணெய் சில சொட்டு விடுங்க. தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, உள்ளே பிசினாகி கியரை ஒட்டவைக்கும். ஏ.டபிள்யூவுக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. கேபிள் சரியா அட்ஜஸ்ட் ஆகாமல் இருந்தால் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் எதையும் பிடிக்காமல் சும்மா சுற்றும். எழுந்து நின்று மிதிக்கிறவர் அந்த நேரத்தில் நேரே பார் மேல் விழுவார். இப்போது தயாராகும் மூன்று கியர் ஹப்களில் இந்த இடைவெளியை எடுத்துவிட்டார்கள். பழையதை வைத்திருப்பவர்கள் கேபிளை அடிக்கடி பார்த்துக்கொள்ளணும்.

மோட்டார் கிட்: யோசித்துப் போடுங்க

சமீபத்தில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். முன் வீலையே மோட்டார் உள்ள வீலாக மாற்றினால் பழைய சைக்கிள் எலெக்ட்ரிக் ஆகிடும் என்று விளம்பரம் வரும்.

இங்கே மூன்று விஷயங்கள். முதலில் அச்சு. மோட்டார் அச்சு பொதுவாக 12 மி.மீ. தடிமன், இரண்டு பக்கம் தட்டையாக்கி 10 மி.மீ. பழைய ஃபோர்க்கின் காடியோ சாதாரண மெல்லிய அச்சுக்காகச் செய்தது, சுமார் 8 மி.மீ. 'ரெண்டு மி.மீ. அராவிக்கலாம்' என்பார்கள். அந்தக் காடியின் இரண்டு உதடுகள்தான் மோட்டார் சுழலும்போது அச்சு எதிர்ப்பக்கம் சுழலாமல் பிடித்து வைக்கிறது. அதையே மெலிசாக்கிவிட்டு அதன் மேல்தான் மோட்டாரின் முழு முறுக்கையும் போடுகிறோம். உதடு விரிந்தால் வீல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழன்று வரும். முறுக்கைத் தாங்க தனியாக ஒரு இரும்புக் கை, டார்க் ஆர்ம், போடாமல் முன் மோட்டாரை ஓட்டவே கூடாது.

இரண்டாவது வேகம். மணிக்கு 15 கி.மீ.யில் போகும் வண்டியை நிறுத்துவதற்கும் 25 கி.மீ.யில் போவதை நிறுத்துவதற்கும் பிரேக் செய்ய வேண்டிய வேலை சுமார் 2.8 மடங்கு. மோட்டாரும் பேட்டரியும் கூட்டும் எடை தனி. மழையில் வழுக்குற ராட் பிரேக்கை வைத்துக்கொண்டு இதைச் செய்வது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிரேக் மாற்றாமல் மோட்டார் வேண்டாம்.

மூன்றாவது சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 250 வாட்டுக்கும் குறைவான சக்தி, மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவான வேகம் உள்ள பேட்டரி வண்டி மோட்டார் வாகனக் கணக்கில் வராது. கிட்டின் மேல் 350, 500 வாட் என்று போட்டிருந்தால் அந்த விலக்கு கிடைக்காது. தாத்தா சைக்கிளுக்கு நம்பர் பிளேட் கேட்கிற நிலை வரும்.

இதையெல்லாம் பார்த்தால், மோட்டார்தான் வேணும் என்கிறவர்கள் அதற்கென்றே செய்த வண்டியை வாங்குவதே மேல். பழைய வண்டி வீட்டில் தன் பாட்டுக்கு இருக்கட்டும்.

யாருக்கும் தெரியாத மாற்றம்

விளக்கில் மட்டும் எந்தச் சண்டையும் இல்லை. ராலே வண்டிகளில் முன் ஹப்புக்குள்ளேயே டைனமோ வைத்த டைனோஹப் இருந்தால், அது 6 வோல்ட், சுமார் 2 வாட் தரும். பழைய பல்பில் மங்கலான மஞ்சள் வெளிச்சம்தான் வரும், வண்டி நின்றால் விளக்கும் அணையும். டைனமோவுக்கென்று வரும் எல்.இ.டி.யை பழைய விளக்குக் கூட்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் அதே மின்சாரத்தில் பல மடங்கு வெளிச்சம் கிடைக்கும். சில எல்.இ.டி. விளக்குகள் சிக்னலில் நின்றாலும் சில நிமிஷம் எரியும். வெளியே இருந்து பார்த்தால் வண்டி 1950களில் இருந்தபடியே இருக்கும்.

ரொம்ப ரொம்பப் பழசா இருந்தால்?

1910க்கு முந்தைய வண்டி என்றால் கதை வேறு. ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885ல் கொண்டுவந்த ரோவர் சேஃப்டி சைக்கிளின் வடிவத்தில்தான் இன்றும் சைக்கிள் இருக்கு. ஆனால் உள்ளே பல விஷயம் மாறிப்போச்சு. அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் முன் பிரேக், ஒரு கட்டை மேலிருந்து இறங்கி டயரின் மேலேயே அழுத்தும். செயின் ஒரு இன்ச் பிட்ச். இன்றைய செயின் அரை இன்ச், பல்லின் இடைவெளியே வேறு. ஃபிரீவீல் இருக்காது, வீல் சுற்றினால் பெடலும் சுற்றும்.

இப்படிப்பட்ட வண்டியை ஓட்ட விரும்புபவர்கள் பெரும்பாலும் செய்வது, அசல் வீல்களைத் தொடாமல் எடுத்து வைத்துவிட்டு, இன்றைய டயரும் பிரேக் உள்ள ஹப்பும் போட்டு இன்னொரு ஜோடி வீல் கட்டிக்கொள்வது. விழாவுக்கு ஒரு ஜோடி, சாலைக்கு ஒரு ஜோடி. நம்ம ராலே, ஹெர்குலிஸுக்கும் இதே வழி நன்றாகவே ஒத்துவரும்.

எங்கே கோடு போடுவது என்பதில் உலகம் முழுக்க விவாதம் உண்டு. இத்தாலியின் கையோலே இன் கியாந்தியில் 1997 முதல் நடக்கும் லெரோய்கா பயணத்தில் 1987க்கு முந்தைய ரேஸ் சைக்கிள்களுக்குத்தான் அனுமதி. கியர் லிவர் ஃபிரேமின் சாய்வுக் குழாயில் இருக்கணும், பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே தெரியணும், பெடலில் கால் மாட்டும் வார் இருக்கணும். அவ்வளவு கறாரான ஊரிலும் டயர், செயின், கேபிள், பிரேக் கட்டை மாதிரி தேய்கிற பொருளைப் புதுசா போட்டதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. தேய்வது தேயத்தான் செய்யும்.

பெயின்ட் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீங்க. பளபளன்னு பவுடர் கோட்டிங் அடித்துவிட்டால் தங்கக் கோடும் கம்பெனி முத்திரையும் போனது போனதுதான். துருவைத் துடைத்து எண்ணெய் பூசி நிறுத்துங்க, பெயின்ட் எப்போ வேணும்னாலும் அடிச்சுக்கலாம்.

வேலை தொடங்கும் முன் நாலா பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க. ஹேண்டில்பார் தண்டு ஃபோர்க்குக்குள் இறங்கும் இடத்தையும் ஃபிரேமின் முன்பக்க மூட்டுகளையும் துணியால் துடைத்து, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்க. அங்கே விரிசல் இருந்தால் எந்தப் புது பார்ட்ஸும் வாங்க வேண்டாம், அந்த வண்டி சாலைக்கு வராது. விரிசல் இல்லேன்னா அளவு எடுங்க, அப்புறம் ஆர்டர் போடுங்க.

கழற்றின ஒவ்வொன்றையும், தேய்ந்த காட்டர் பின் உட்பட, ஒரு டப்பாவில் போட்டு எது எங்கே இருந்தது என்று சீட்டு எழுதி வைங்க. கிராங்க் பக்கத்து வலது கப் எதிர் மரை, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும் என்பதையும் அந்தச் சீட்டில் எழுதிடுங்க. அடுத்து அதைத் திறக்கப் போகிறவர் அது தெரியாமல் பெரிய ஸ்பானரோடு வருவார்.